மாட்டுக் கொட்டகையில் பத்து மீட்டர்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், ரயில் பாதைக்கு மேலே அக்கா வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மாட்டுக் கொட்டகை. மாட்டை விற்று ஆறு வருஷமாகிவிட்டது, விறகும் உடைந்த கொழுந்துக் கூடைகளும்தான் கிடந்தன. போன வருஷம் தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது அக்கா மகள், என் மருமகள், கேட்டாள்: "மாமா, கொட்டகை எத்தன மீட்டர் நீளம் இருக்கும்?"

படிக்கப் போன இடத்தில் காற்று ரைபிள் அணியில் சேர்ந்திருந்தாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல 10 மீட்டர் காற்று ரைபிள் சுட்டதைப் பார்த்ததில் பிடித்த ஆசை. லீவுக்கு வீட்டுக்கு வந்தால் மாதக்கணக்கில் பயிற்சி கிடையாது, திரும்பிப் போகும்போது கை எல்லாம் மறந்திருக்கிறது என்பது அவள் குறை. நான் டவுனில் வெல்டிங் கடை வைத்திருப்பவன். இரும்பு என்றால் என்னிடம்தான் வருவார்கள். அந்த இரும்பே பிறகு என்னைத் தலைகுனிய வைத்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அளந்து பார்த்தோம். உள்நீளம் 44 அடி, அதாவது 13.4 மீட்டர். அகலம் 9 அடி. இடுப்பளவுக்குக் கருங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, மேலே தகரம். சுடுகிற கோட்டிலிருந்து இலக்கு வரை 10 மீட்டர், 5 சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். ஆள் நிற்கவும் இலக்குக்குப் பின்னால் தடுப்பு வைக்கவும் மிச்ச இடம் போதும். இலக்கின் நடுப்புள்ளி சுடுகிறவர் நிற்கும் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் வர வேண்டும். கொட்டகைத் தரையோ சாணி கழுவிவிடுவதற்காகச் சரித்துப் போட்டது. அந்தக் கோடியில் நான்கு அங்குலம் பள்ளம். மேசன்மார் செய்வதுபோல டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பிடித்தோம். இல்லாவிட்டால் அரைச் சாண் தப்பு வந்திருக்கும், அவளும் மாதக்கணக்கில் தப்பான உயரத்துக்கே உடம்பைப் பழக்கியிருப்பாள்.

துப்பாக்கி வீட்டுக்கு வருவதற்கு முன் காகிதம் வர வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. காற்றுதானே, விளையாட்டுச் சாமான்தானே என்று நாமாக முடிவுகட்டிக்கொள்ளக் கூடாது. அணியின் கடிதத்தோடு பொலிசுக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் நடந்து, எழுத்தில் பதில் கைக்கு வர நான்கு மாதம். அதுவரை அவள் சும்மா இருக்கவில்லை. பொறுப்பாளர் சொன்ன மாதிரி, சுவரில் ஒரு கரும்புள்ளியை ஒட்டிவைத்து, தும்புத்தடியைத் தோளில் சாய்த்து, நிற்கும் நிலையை மட்டும் பழகினாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்த நான்கு மாதத்தில்தான் அவள் இடுப்பும் காலும் ஒரு இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டன என்று இப்போது அவளே சொல்கிறாள்.

பக்கத்து வீடுகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். எங்கள் பக்கத்தில் இது மரியாதைக்குச் செய்கிற காரியம் மட்டும் இல்லை. பணிய, அதாவது கீழே உள்ள வீட்டு அம்மாயிக்கு எண்பதை நெருங்குகிற வயது. 83 ஆடிக் கலவரத்தில் இரண்டு நாள் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தவர். தமிழ் வீட்டிலிருந்து சுடுகிற சத்தம் கேட்டால் அவருக்கு என்ன நினைப்பு வரும், ரோட்டில் போகிறவனுக்கு என்ன நினைப்பு வரும் என்று தனித்தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 1996இல் வந்த சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபைப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45. ஆனால் அது ஒரு நேரத்துக்கான சராசரிக் கணக்கு. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் "டப்" என்று கேட்டு நின்றுவிடுகிற சத்தத்துக்குச் சராசரி போட்டால் எதுவும் தெரியாது, அம்மாயியின் நெஞ்சுக்குத் தெரியும். எனவே அம்மாயிக்குக் கேட்கக் கூடாது என்பதையே எங்கள் அளவாக வைத்துக்கொண்டோம்.

முதல் கட்டு

இலக்குக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கிற பெட்டியை நான்தான் செய்தேன். 6 மில்லிமீட்டர் தகடு, கீழ்நோக்கி 45 பாகைச் சரிவு, அடியில் மணல் தட்டு, சுற்றிலும் ஒன்றரை அங்குல எல் ஆங்கிள் சட்டம். வருகிற குண்டு தகட்டில் பட்டு, கீழே திரும்பி, மணலில் விழும். கணக்கு சரி. போட்டி ரைபிளின் ஈயக்குண்டு 4.5 மில்லிமீட்டர், எடை அரை கிராமுக்குச் சற்று மேல், 0.53 கிராம். வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர். சக்தி எட்டு ஜூல்கூட வராது. என் தகடு அதைப்போலப் பல மடங்கைத் தாங்கும். பெட்டியை எங்கே மாட்டுவது? கூரையைத் தாங்குகிற கோடித் தூணிலேயே போல்ட் போட்டு முடுக்கினேன். அசையவே அசையாது. பெருமையாகத்தான் இருந்தது.

முதல் நாள் சுட்டபோது துப்பாக்கியிடமிருந்து வந்தது ஒரு "ப்ஸ்". அதற்குப் பின்னால் வந்தது கோயில் மணி.

மருமகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா குசினியிலிருந்து, "என்னடா தகரம் ஒடயுது?" என்று கத்தினாள். எனக்கு உடனே தோன்றியது துப்பாக்கியைச் சத்தமில்லாமல் ஆக்க வேண்டும் என்பதுதான், எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். குழலில் ஓசையடக்கி மாட்டலாமா என்ற பேச்சும் வந்தது. அது வேறு சட்டம், வேறு வம்பு. கைவிட்டோம். பதிலாக, சுடுகிற இடத்தைச் சுற்றிக் கம்பளி தொங்கவிட்டோம், பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்தோம், தரையில் சாக்கு விரித்தோம்.

அளப்பதற்குப் போனில் டெசிபல் மீட்டர் இறக்கிப் பார்த்தேன். சட்டென்று வந்து போகிற சத்தத்தை அது பிடிக்கிற லட்சணத்தில் ஒரே குண்டுக்கு மூன்று எண் காட்டியது. அதை மூடிவிட்டு ஒரு எளிய வழிக்கு வந்தோம். அம்மாயி வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், நான் கொப்பியோடு உட்காருவேன். மருமகள் தனக்குத் தோன்றிய இடைவெளியில் இருபது குண்டு சுடுவாள், ஒவ்வொன்றுக்கும் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்வாள். கேட்கிறபோது நான் நேரத்தைக் குறிப்பேன். பிறகு இரண்டு கொப்பியையும் ஒப்பிடுவோம். அம்மாயியும் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கும்போதெல்லாம் ஒரு மொச்சைக் கொட்டையைக் கிண்ணத்தில் போடுவார். அவருக்கு என்னைவிடக் காது கூர்மை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மெத்தை கட்டுவதற்கு முன்: இருபதில் இருபது. மெத்தை, கம்பளி எல்லாம் கட்டிய பிறகு: நான் பத்தொன்பது, அம்மாயி இருபது.

ஒரு நாள் உழைப்பு, ஒரு குண்டு மிச்சம். மெத்தை உள்ளே எதிரொலியைக் குறைக்கும், நிற்பவன் காதுக்கு இதமாக இருக்கும். வெளியே போகிற சத்தத்தை நிறுத்த அதனால் முடியாது. சத்தத்தை மறிப்பது கனம்தான், கல், மண், தடித்த பலகை போன்றவை. பஞ்சு மறிக்காது.

திரும்பி வந்த குண்டு

சத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மூன்றாம் வாரம் அது நடந்தது. நான் அவளுக்கு இடப்பக்கம், ஒரு எட்டுப் பின்னால் நின்றேன். அவள் கண்ணாடி போட்டிருந்தாள். நான் போடவில்லை. ஒரு சுடுதலை முடிக்காமல் ரைபிளை இறக்கும்போது விரல் விசையைத் தொட்டுவிட்டது. "ப்ஸ்", "டங்", பிறகு என் காலுக்கு முன்னால் சிமெந்தில் ஏதோ "டிக்" என்று துள்ளியது.

குனிந்து எடுத்தேன். அரைச்சதக் காசு மாதிரி தட்டையான ஈயம், இன்னும் இளஞ்சூடு. ஒரு பக்கம் வழவழப்பு. அதன் நடுவே குறுக்காக நேர்கோடாக ஒரு புடைப்பு. அந்தக் கோட்டை வைத்துத்தான் பட்ட இடத்தைக் கண்டுபிடித்தேன். பெட்டியின் கீழ்ச்சட்டத்தில், ஆங்கிளின் தட்டையான முகத்தில், என் கிரைண்டர் விட்ட கீறலின் மேல் ஒரு சாம்பல் பொட்டு இருந்தது. கீறலும் புடைப்பும் பொருந்தின.

தகட்டை 45 பாகைக்குச் சரித்த அறிவாளி, அதைச் சுற்றிய சட்டத்தைச் சுடுகிறவளுக்கு நேராக, செங்குத்தாக, ஒன்றரை அங்குல அகலத்துக்குக் காட்டிக்கொண்டு நிறுத்தியிருக்கிறேன். வெல்டர் கண்ணுக்கு அந்த விளிம்புதான் அழகு. குண்டுக்கு அது கண்ணாடி. நேராகப் போனது நேராகத் திரும்பியது. பத்து மீட்டர் திரும்பி வந்ததில் வேகம் பெரும்பாலும் செத்துப்போயிருந்தது, ஆனால் கண்ணுக்கு அது போதும்.

விரலும் ஒரு காரணம்தான். காற்று ரைபிள் போட்டியில் விசைக்குக் குறைந்தபட்ச எடை கிடையாது. பிஸ்டலுக்கு 500 கிராம் என்று விதி உண்டு. ரைபிள் விசையை மூச்சுப் பட்டாலே இறங்குகிற மாதிரி வைத்துக்கொள்வார்கள். "விரலை வெளிய வச்சிட்டு எறக்கு புள்ள" என்று சொன்னேன். "தெரியும் மாமா" என்றாள். தெரிந்தும் நடந்தது என்பதால் விரலை நம்பி எதையும் கட்டக் கூடாது என்று முடிவெடுத்தேன். குண்டு எங்கே பட்டாலும் திரும்பக் கூடாது.

அன்று இரவு கொட்டகையை இருட்டாக்கி, டோர்ச் லைட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சுடுகிற கோட்டிலிருந்து அந்தக் கோடியைப் பார்த்தேன். எது மினுங்குகிறதோ அது குண்டைத் திருப்பி அனுப்பக்கூடியது. ஆங்கிள், போல்ட் தலை, பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகள், மாடு கட்டிய வளையம். பதினேழு எண்ணினேன்.

பிடிக்கிற கோடி

பெட்டியைக் கழற்றுவதற்கு முன் சத்தத்துக்காக ஒன்று செய்து பார்த்தேன். அவளைச் சுடச் சொல்லிவிட்டு, கதிரையில் ஏறி, கூரைத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் தகரம் கைக்குள் சிலிர்த்தது. முன் கோடியிலும் சிலிர்த்தது, பின் கோடியிலும் சிலிர்த்தது. பெட்டியைத் தூணில் முடுக்கியிருந்தேன், தூண் கூரையைத் தாங்குகிறது, ஆக 44 அடித் தகரத்தையும் ஒரு பறையாக்கி, பெட்டியை அதற்குக் குணிலாக்கி வைத்திருந்தேன். பக்கத்து மலைக்கே கேட்டதில் ஆச்சரியம் இல்லை. அதிலும் விடியற்காலையில், பள்ளத்தாக்கில் குளிர்காற்று தங்கி மேலே சூடு நிற்கும்போது, சத்தம் மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கி வெகுதூரம் போகும். பனிக்காலையில் அடுத்த தோட்டத்தில் ஆள் பிரிக்கிற பிரட்டுச் சத்தம் இங்கே கேட்பது அதனால்தான்.

இரண்டாவது பெட்டியில் முன்பக்கம் இரும்பே கிடையாது. ஒரு காலத்தில் பெக்டரியிலிருந்து கொழும்புக்குத் தேயிலை போன பலகைப் பெட்டி ஒன்று பரணில் இருந்தது. விளிம்பெல்லாம் தகரப் பட்டி அடித்தது. பட்டியையும் ஆணிகளையும் முழுக்கப் பிடுங்கி, மூலைகளைப் பசையாலும் மரச் சட்டத்தாலும் சேர்த்தோம். படுக்கவைத்து, வாய் சுடுகிறவளைப் பார்க்கும்படி. ஆகப் பின்னால் பழைய 6 மில்லிமீட்டர் தகடு, சரிவாகவே. அதற்கு முன்னால் 14 அங்குலத் தடிப்புக்குக் கார்மென்ட் வெட்டுத்துணி. பொத்தான், சிப், ஸ்டட் எதுவும் இல்லாமல் அக்காவும் அம்மாயியும் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கித் தந்தார்கள். வாய்க்கு மூன்றடுக்குப் பெட்டி அட்டை, அதன் மேல் இலக்கு அட்டை. குண்டு துணிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. தகடு காவலுக்கு இருக்கிறது, இதுவரை எந்தக் குண்டும் அதைத் தொடவில்லை.

பெட்டி எந்தத் தூணையும் சுவரையும் தொடவில்லை. தனி மேசை, மேசைக் கால்களுக்கு அடியில் திரீவீலர் டயர் வெட்டித் துண்டுகள்.

அன்று மாலைக் கணக்கு: நான் ஐந்து, அம்மாயி எட்டு. துப்பாக்கிப் பக்கம் ஒரு நூல்கூட மாறவில்லை.

மிச்ச எட்டும் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடைவெளி வழியாகப் போயிருந்தன. முழுக்க அடைக்க முடியாது, ஈயத்தூசி இருக்கிற இடத்தில் காற்று ஓட வேண்டும். அம்மாயி வீட்டைப் பார்த்த பக்கத்தைப் பலகை வைத்து இறுக அடைத்தோம். மேட்டுப் பக்கத்தில் மட்டும் ஒரு பலகைக் கூண்டு வைத்து, காற்று இரண்டு முறை வளைந்து போகும்படி செய்து, உள்ளே மெத்தைத் துண்டை ஒட்டினோம். மெத்தைக்கு இங்கேதான் வேலை. அதன் பிறகு: நான் ஒன்றும் கேட்கவில்லை, அம்மாயி இரண்டு கொட்டை. அந்த இரண்டில் ஒன்று மருமகள் கதவைச் சாத்திய நேரம்.

பெட்டியைத் தப்புகிற குண்டுக்கு இரண்டாம் தடுப்பு. பத்து மீட்டரில் ஒரு பாகை பிசகினால் பதினேழரை சென்டிமீட்டர் விலகும். ஐந்து பாகை என்றால் 87. ஆகவே கோடிச் சுவர் முழுதும், தரையிலிருந்து கூரை வரை, 18 மில்லிமீட்டர் பிளைவுட். அதற்கு முன்னால் ஒரு சாண் தள்ளி, பழைய கம்பளி இரண்டு அடுக்குத் தொளதொளவென்று தொங்குகிறது. அம்மாயி கொழுந்து எடுத்த காலத்தில் மழைக்குத் தலையில் போட்ட கம்பளியும் அதில் ஒன்று. இறுகக் கட்டினால் குண்டு துளைத்துவிடும், தளர்ந்து தொங்கினால் கம்பளி பின்வாங்கி அதன் வேகத்தை வாங்கிக்கொள்கிறது.

முதலில் எனக்கு வேறு யோசனை இருந்தது. கோடிச் சுவரை எடுத்துவிட்டு, பின்னாலுள்ள மண்மேட்டை வெட்டி அதையே தடுப்பாக்கலாம் என்று. மலை வெட்டினால் மழைக்கு என்ன நடக்கும் என்பதை நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்காமல் சரிவில் கை வைக்கவே கூடாது. போதாததற்கு அந்த மேட்டுக்கு மேலே கொழுந்து எடுக்கப் போகிற பாதை.

நடுவில் சாணி அள்ளுகிற பக்கக் கதவு ஒன்று இருந்தது, சுடுகிற கோட்டுக்கும் இலக்குக்கும் நடுவே திறக்கிறது. கோழி தேடி யாராவது உள்ளே தலை நீட்டினால்? அதைக் கல்லால் கட்டி மூடிவிட்டோம். இப்போது ஒரே கதவு, சுடுகிறவள் முதுகுக்குப் பின்னால். அதன் வெளியே ஒரு சிவப்பு பல்ப். அந்த பல்புக்கும் இலக்கு விளக்குக்கும் ஒரே சுவிட்ச். இலக்கில் 1500 லக்ஸ் வேண்டும், விளக்கில்லாமல் அந்த இருட்டில் சுடவே முடியாது. ஆகவே சிவப்பு எரியாமல் உள்ளே சுட வழியில்லை. வாயால் கூப்பிட்டு நிறுத்துவது இந்த ஊரில் உதவாது. வைகாசி மழை தகரத்தில் இறங்கினால் பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காது. உள்ளே இருக்கிறவளை நிறுத்த வேண்டுமானால் வெளிச் சுவிட்சை அணைக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

இலக்கு அட்டை ஒரு தனித் தொல்லை. போட்டி அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, ஓட்டையின் விளிம்பை வைத்துத்தான் புள்ளி போட வேண்டும். எங்கள் பனிக்கு அட்டை ஈரம் குடித்து, ஓட்டை வட்டமாக வெட்டுப்படாமல் பிய்ந்துபோகிறது. பிஸ்கட் டின்னில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருக்கிறோம். இலக்கில் கருவாட்டு வாசம் வருகிறது என்பது மருமகள் முறைப்பாடு.

குரங்கு விஷயமும் வந்தது. மேல் வீட்டு அண்ணன் ஒருநாள் வந்து, "தங்கச்சி, நம்ம போஞ்சிக் கொடிப் பக்கம் ரெண்டு சுட்டு வெரட்டி விடேன்" என்றார். இந்தத் துப்பாக்கி இந்தக் கதவைத் தாண்டாது என்று அவளே சொல்லி அனுப்பினாள். சுடாத நேரத்தில் ரைபிள் பூட்டிய பெட்டியில், குண்டு டப்பா வேறு அலுமாரியில், சாவி அக்காவிடம்.

ஈயக் கணக்கு

அறுபது குண்டு சுட்டால் 32 கிராம் ஈயம். வருஷத்துக்குப் பத்தாயிரம் என்றால் 5.3 கிலோ. கொட்டகையின் கழிவுநீர்க் கான் முன்பு நேராகக் கோவா, லீக்ஸ் பாத்திக்குப் போய், அங்கிருந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே உள்ள ஓடையில் விழுந்தது. தேயிலை மண் புளிப்பு மண், பி.எச் 4.5 முதல் 5.5 வரை. அந்தப் புளிப்பில் ஈயம் கரைந்து நகர்வது சாதாரண மண்ணைவிட அதிகம். முதல் குண்டுக்கு முன்பே அந்தக் கானைச் சிமெந்து வைத்து அடைத்தோம்.

உள்ளே கூட்டுமாறு கிடையாது, ஈரத்துணிதான். தேத்தண்ணி கிளாஸ் கதவுக்கு வெளியே. வெளியே வந்ததும் முழங்கை வரை சவர்க்காரம். அக்காவின் பேரன் அந்தப் பக்கம் வரவே கூடாது.

ஐந்நூறு குண்டுக்கு ஒருமுறை பெட்டியைத் திறக்கிறோம். ஒரே இடத்தில் பட்டுப் பட்டு ஈயம் கட்டியாகிவிட்டால், அடுத்த குண்டு துணியில் படாமல் அந்தக் கட்டியில் பட்டுச் சிதறும், சத்தமும் திரும்பி வரும். துணியை உதறிக் கிளறி, ஈயத்தை இதற்கென்றே வாங்கிய தராசில் நிறுக்கிறோம். ஐந்நூறுக்கு 265 கிராம் இருக்க வேண்டும். முதல் தடவை 254. பதினொரு கிராம் குறை, அதாவது இருபது குண்டு பெட்டிக்கு வெளியே. கம்பளிக்கு அடியில் தேடினோம், பதினெட்டு கிடைத்தது. மற்ற இரண்டையும் மறுநாள் பிளைவுட்டுக்கும் தரைக்கும் நடுவே இருந்த விரலளவு சந்தில் கண்டெடுத்து, சந்தை அடைத்தோம். அதற்குப் பிறகு கணக்கு ஒரு கிராம் இரண்டு கிராமுக்கு மேல் பிசகவில்லை. தெருவில் போகிற ஒருவர், "ஒரு குண்டுகூட வெளிய போகல என்று என்ன நிச்சயம்?" என்று கேட்டால் காட்ட என்னிடம் இருப்பது இந்தக் கொப்பி.

ஈயத்தைப் பழைய பெட்டரி எடுக்கிற கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார். ஈயம் ஏறிய துணியை அவர் தொடமாட்டார். குப்பை லொறியிலும் போட மனமில்லை, அடுப்பில் எரிப்பது அதைவிட மோசம். மூடி போட்ட பெயின்ட் வாளி இரண்டு நிறைந்து என் கடை மூலையில் நிற்கிறது, மூன்றாவதைப் போன வாரம் தொடங்கினோம்.